எண்களைக் கத்தும் பெண்

"தொண்ணூத்தி நாலு!"

மூச்சுப் பையை அமுக்கியபடியே கத்தினாள் அந்தப் பயிற்சி டாக்டர். மேஜையில் கிடந்த உடம்பின் நெஞ்சு ஏறவில்லை. வயிறுதான் உப்பியது.

"ட்யூப் சரியாத்தான் இருக்கு. நீ பாட்டுக்கு அமுக்கு," என்றார் தலைமாட்டில் நின்ற சீனியர்.

"தொண்ணூத்தி ஒண்ணு! இல்ல சார், உணவுக்குழாய்க்குள்ள போயிருக்கு. எடுத்துடறேன்."

உருவினாள். மாஸ்க்கை அழுத்திப் பிடித்து மூச்சு கொடுத்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சின்ன டாக்டர், பேனாவை மூடி வைத்தாள். பிழைத்தது ரப்பர் பொம்மைதான். சீனியரின் பிடிவாதமும் அவள் எழுதிக்கொடுத்த நாடகம்தான். தப்பு செய்கிற பெரியவரை எதிர்த்துப் பேச மயக்க மருந்துப் பயிற்சி டாக்டர்களுக்கு வாய் வருகிறதா என்று பார்க்கும் தேர்வு.

அவளுடைய மாணவர்கள் மாதக்கணக்கில் இதே பொம்மையோடு மல்லுக்கட்டிப் பழகியவர்கள். மற்ற பாதிப் பேர் துறைத் தலைவரான பெரிய டாக்டரின் யூனிட். அவர்களுக்கு வகுப்பறைப் பாடம் மட்டும். எந்த முறை தேறுகிறது என்று நாளைக் காலை கமிட்டி முடிவு செய்யும். பொம்மை தோற்றால் இந்த அறைக்குப் பூட்டு. மூன்று வருடம் கெஞ்சிக் கூத்தாடி அவள் வாங்கிய அறை.

பொம்மை தோற்றுக்கொண்டிருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. பெரிய டாக்டரின் யூனிட்டிலிருந்து வந்த ஒவ்வொருவரும் ஆக்ஸிஜன் அளவைத் தொண்டை கிழியக் கத்தினார்கள். கேட்காமலே, விடாமல். எந்த வகுப்பிலும் அப்படிப் பாடம் கிடையாது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் சொல்லிவைத்தாற்போல ஒரே பொய்யைச் சொல்வதுபோல் இருந்தது. இப்போது கத்தியவளுக்கு ஆஸ்பத்திரியில் 'சைரன்' என்றே பட்டப்பெயர்.

யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நாடகம் முன்கூட்டியே தெரிந்தவர்கள் நாலே பேர். அவள், சீனியர், பொம்மையை இயக்கும் டெக்னீஷியன், பெரிய டாக்டர்.

பெரிய டாக்டர் அவளுடைய கூடப் பிறந்த அண்ணன்.

பொம்மை வைத்து விளையாடத் தன் பிள்ளைகளுக்கு நேரமில்லை என்று ஆரம்பத்திலேயே முறுக்கிக்கொண்டவர். நேற்று அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, பரீட்சை எப்படிப் போகிறது என்று குடைந்து குடைந்து கேட்டார். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே ஏதோ சொல்லி மழுப்பினாள். வாய்க்குள்ளேயே முணுமுணுக்காதே என்று எரிந்து விழுந்தார். அண்ணி சிரித்தபடி டிவி சத்தத்தைக் குறைத்தாள். மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதைதான் என்று அவளுக்குப் பட்டது. எதிராளி வீட்டிலேயே இருக்கிறார்.

மதியத்துக்கு மேல் அவள் ஒரு வேலை செய்தாள். நாடகத்தையே மாற்றினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. சீனியருக்கும் டெக்னீஷியனுக்குமே கடைசி நிமிடத்தில்தான் சொன்னாள். ட்யூப் சரியாக இருக்கும். மெஷினுக்குப் பின்னால் ஆக்ஸிஜன் குழாய் கழன்றிருக்கும்.

பெரிய டாக்டரின் யூனிட் பையன் உள்ளே வந்தான். எண்ணைக் கத்தினான். இறங்குகிறது என்று கத்தினான். சீனியர் அதட்டியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் குனிந்து குழாயைக் கண்டுபிடித்துச் செருகினான்.

விஷயம் கசிய வழியே இல்லை. அப்படியென்றால்?

கை கழுவும் இடத்தில் சைரனை மடக்கினாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். யாரும் இல்லை என்றாள் அவள். பிறகு ஏன் எல்லோரும் கத்துகிறீர்கள் என்றதும், குழாயை இறுக்கி மூடினாள்.

"சொல்லும்மா. உன் பேர் வெளிய வராது."

"பேர் வராது மேடம். ஆனா என் சர்ட்டிபிகேட்ல கையெழுத்துப் போடப்போறது நீங்க இல்லையே." கையை உதறிக்கொண்டாள். "எங்க ஆபரேஷன் தியேட்டர்ல வந்து ஒரு நாள் நில்லுங்க. கத்தலைன்னா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும். அதை எந்த வகுப்புலயும் படிக்கல."

சின்ன டாக்டருக்கு நேற்று அண்ணன் வீட்டில் பார்த்தது கண்முன் வந்தது. திருப்பிப் போட்ட நாற்காலி. டிவி சத்தம். முணுமுணுக்காதே.

சாயங்காலம் அண்ணன் பொம்மை அறைக்கு வந்தார். ஜெயித்த முகம். பொம்மைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தங்கையின் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். சைரனும் டெக்னீஷியனும் சுவரோரம் நின்றார்கள். மானிட்டரின் திரையை அவள் முன்பே சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். சத்தம் மட்டும் கேட்டது. நாடித் துடிப்புக்கு ஒரு 'பீப்'. ஆக்ஸிஜன் இறங்கினால் அந்தச் சுருதியும் கூடவே இறங்கும். அதைக் கேட்டால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தூக்கத்திலும் விழிப்பு வந்துவிடும்.

"பாத்தியா பாப்பா? பொம்மையைத் தூக்கிப் பரண்ல போடு. நான் நடத்தற பாடம் மாதிரி வராது."

டெக்னீஷியனுக்குக் கண்ணைக் காட்டினாள். அவர் பட்டனைத் தட்டினார்.

பீப் ஒரு படி இறங்கியது. சைரனின் தலை வெடுக்கென்று திரும்பியது. இன்னொரு படி. அண்ணன் கமிட்டியில் என்ன பேசுவது என்று விரல் விட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். அபாய மணி கீச்சுக் குரலில் அலற ஆரம்பித்தது. டெக்னீஷியன் பதறிப்போய் அவரையே பார்த்தார்.

அண்ணன் நாலாவது விரலை மடக்கினார்.

"அண்ணா," என்றாள் சின்ன டாக்டர், கையால் வாயை மறைத்துக்கொண்டு. "பேஷன்ட் போயிட்டிருக்கு."

"ம்? கையை எடுத்துட்டுப் பேசு."

அதற்கு மேல் சைரனால் தாங்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் எட்டிப் பார்த்து, பழக்க தோஷத்தில், அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

"எழுபத்தி ஒம்பது சார்!"

அப்போதுதான் காதில் விழுந்து, பெரிய டாக்டர் துள்ளித் திரும்பினார்.