பதினேழாவது மலர்

நீலாவுக்கு ஸ்ரீவித்யாவைப் பிடிக்காது. ஏன் என்று கேட்டால் பத்துக் காரணம் சொல்வாள். பத்தும் பொய். உண்மையான காரணம் வயிற்றெரிச்சல், அதை மட்டும் சொல்லமாட்டாள்.

புனேயின் கோந்த்வா தமிழ் மன்றம் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு மலர் போடும். நாற்பத்தெட்டுப் பக்கம். பதினாறு வருஷமாக அதைத் தட்டச்சு செய்து, பக்கம் கட்டி, அச்சகத்துக்கு அனுப்புகிறவள் நீலா. பெரியவர்கள் கட்டுரையைக் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புவார்கள். பிள்ளைகளின் கவிதைகள் அம்மாக்களின் போனிலிருந்து ஆங்கில எழுத்தில் வந்து சேரும். புனேயில் பிறந்த பிள்ளைகள், தமிழ் பேசுவார்கள், எழுத வராது. அத்தனையையும் தமிழ் எழுத்துக்குக் கொண்டுவந்து, ளகர ழகரம் பார்த்து, கண் வலிக்க வலிக்க உட்கார்ந்து முடிப்பாள். விழா மேடையில் செயலாளர் சுவாமிநாதன் மாமா அவள் பெயரைச் சொல்லும்போது கைதட்டுவார்கள். வருஷத்தில் நீலாவுக்குக் கிடைக்கும் ஒரே கைதட்டல் அது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தாள் ஸ்ரீவித்யா. மகர்பட்டாவில் ஐ.டி. வேலை, வயது முப்பத்திரண்டு. வந்த வருஷமே தீபாவளி அழைப்பிதழைப் போனிலேயே பத்து நிமிஷத்தில் செய்து மன்றத்தின் வாட்ஸாப் குழுவில் போட்டாள். சுற்றிலும் விளக்கு வரிசை, நடுவில் தங்க எழுத்து. அறுபது பேர் இதயம் போட்டார்கள். நீலாவின் கணவர் கேஷவும் ஒன்று போட்டார். நீலா அதை எண்ணிப் பார்த்தே கண்டுபிடித்தாள்.

"என்ன அழகா பண்ணிருக்கா பாரு, பத்தே நிமிஷத்துல" என்றார் அவர்.

"அப்ப ராத்திரிச் சாப்பாட்டையும் அவளையே பண்ணச் சொல்லுங்கோ" என்றாள் நீலா.

போதாக்குறைக்கு ஸ்ரீவித்யா அவளை ஆண்ட்டி என்று கூப்பிட்டாள். மாமி என்றால்கூட நீலா பொறுத்துக்கொண்டிருப்பாள். ஐம்பத்து மூன்று வயதுக்காரியை ஆண்ட்டி என்று கூப்பிடாமல் வேறெப்படிக் கூப்பிடுவது என்று அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் உச்சம். ஸ்ரீவித்யா தன் கட்டுரையைப் பென் டிரைவில் கொடுக்க வந்தாள். வீட்டில் மன்றத்துப் பெண்கள் நாலு பேர் இருந்தார்கள். நீலாவின் கணினியில் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்ன எழுத்து எப்போதும் தெரியும். இந்த மென்பொருள் அசல் அல்ல என்று அர்த்தம். பாகம் பாகமாக வாங்கிக் கடையில் பொருத்தி வாங்கிய கணினி. கடைக்காரர் உள்ளே எதைப் போட்டார் என்று கேஷவ் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புனேயில் பாதி வீடுகளில் அப்படித்தான். அந்த எழுத்து கண்ணை உறுத்தியதால் நீலா அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவைத்திருந்தாள். ஸ்ரீவித்யா பொட்டைப் பார்த்தாள், நகத்தால் லேசாகத் தூக்கினாள்.

"அய்யோ ஆண்ட்டி, இது ஒரிஜினல் இல்லீங்களா? ஆபத்துங்க. நான் வேணா ஒரு நாள் வந்து சரி பண்ணித் தர்றனே."

நாலு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். நீலாவின் முகத்தில் ஈயாடவில்லை. திருட்டுச் சேலை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவளைப் போல நின்றாள்.

மறுநாளே சுவாமிநாதன் மாமா போன் செய்தார். "நீலா, உனக்கும் கண் ஆபரேஷன் ஆயிருக்கு. இந்த வருஷம் மலரை ஸ்ரீவித்யாகிட்ட குடுத்துடலாமா?"

"சனிக்கிழமை காலம்பற மலர் உங்க கையில இருக்கும் மாமா" என்று சொல்லிப் போனை வைத்தாள். சனிக்கிழமை தவறினால் மலர் கையைவிட்டுப் போய்விடும், போனால் திரும்பியும் வராது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு முப்பத்தாறு பக்கம் முடிந்திருந்தது. அட்டைக்கு ஒரு கரும்புப் படம் வேண்டும். போன வருஷத்துப் படமே இருந்தது, ஆனால் ஸ்ரீவித்யாவின் விளக்கு வரிசை மனத்தில் வந்து நின்றது. அதைவிட நன்றாக ஒன்று போடாமல் விடுவதில்லை என்று இணையத்தில் தேடினாள். ஏதோ ஒரு தளத்தில் ஜோடிக் கரும்பு, நடுவில் பொங்கல் பானை, அள்ளிக்கொள்ளலாம் போல இருந்தது. இலவசம் என்று போட்டிருந்த இடத்தில் அழுத்தினாள்.

திரை முழுக்கச் சிவந்தது. எச்சரிக்கை மணி விடாமல் அடித்தது. உங்கள் கணினியில் போலி மென்பொருள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது, கணினியை அணைக்காதீர்கள், அணைத்தால் கோப்புகள் அழிந்துவிடும், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று ஆங்கிலத்தில் ஓடியது. வேறு யாராவது இருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள். நீலாவுக்குத்தான் பொட்டுக்கடியில் இருப்பது தெரியுமே. பிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தாள்.

அலுவலகத்திலிருந்த கேஷவைக் கூப்பிட்டாள். "எதையும் தொடாதே" என்றார் அவர். "ஸ்ரீவித்யாவைக் கூப்பிடு. அஞ்சு நிமிஷத்துல என்னன்னு சொல்லிடுவா."

அதற்குப் பிறகு நீலா ஸ்ரீவித்யாவைக் கூப்பிடுவாளா? தலைகீழாக நின்றாலும் மாட்டாள். திரையில் இருந்த எண்ணை அழுத்தினாள்.

எடுத்தவன் முதலில் ஆங்கிலத்தில் பேசினான், பிறகு இந்தியில். அவன் கேட்டது புரியாமல் "ஈசுவரா, இவன் என்ன கேக்கறான்" என்று நீலா தனக்குள் முணுமுணுத்தாள். அந்தப் பக்கம் அது கேட்டுவிட்டது.

"அக்கா, நீங்க தமிழா?"

அவ்வளவுதான், நீலா உருகிவிட்டாள். காய்காரரிடம் மராத்தி, ஆட்டோக்காரரிடம் இந்தி, வங்கியில் ஆங்கிலம் என்று முப்பது வருஷமாக நாக்கை மாற்றி மாற்றிப் பிழைக்கிறவள். ஆபத்தில் இருக்கும்போது ஒரு குரல் தமிழில், அதுவும் அக்கா என்று கூப்பிட்டால் எந்த மதில்தான் நிற்கும்? "நானும் நம்ம பக்கந்தாங்க்கா" என்றான். எந்தப் பக்கம் என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"பயப்படாதீங்கக்கா, நான் பாத்துக்கிறேன். உங்க கம்ப்யூட்டரை வெளியாள் யாராச்சும் தொட்டாங்களா?"

"வெளியாளா..." என்றாள் நீலா. தொண்டையில் ஏதோ இனித்தது. "போன ஞாயித்துக்கிழமை ஒரு பொண்ணு பென் டிரைவ் போட்டா. ஸ்ரீவித்யான்னு பேரு. ஐ.டி.யில இருக்கா."

"அதாங்க்கா! அந்தப் பென் டிரைவுலதான் டூப்ளிகேட் சாஃப்ட்வேர் வந்திருக்கு. இங்க எனக்கு அப்படியே தெரியுது பாருங்க."

பயமெல்லாம் பறந்துபோனது. நீலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐ.டி.யாம், மகர்பட்டாவாம், பென் டிரைவில் திருட்டுச் சரக்கு! அவன் சொன்ன சின்னச் செயலி ஒன்றை இறக்கினாள், வந்த ஒன்பது இலக்க எண்ணை வாசித்தாள். அம்புக்குறி தானாகவே திரையில் ஓட ஆரம்பித்தது. அவன் வேலை செய்துகொண்டிருக்கட்டும் என்று போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, மன்றத்தின் வாட்ஸாப் குழுவைத் திறந்து அவள் தட்டினாள்.

'அனைவருக்கும் ஓர் எச்சரிக்கை. செல்வி ஸ்ரீவித்யாவின் பென் டிரைவிலிருந்து என் கணினியில் போலி மென்பொருள் புகுந்துவிட்டது. இது கம்பெனியாரே கண்டுபிடித்துச் சொன்னது. அவரிடம் பென் டிரைவ் வாங்கியவர்கள் ஜாக்கிரதை.'

ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

"ஆச்சுக்கா. லைசென்ஸுக்கு மட்டும் கட்டிருங்க. கார்டு நம்பர் சொல்லுங்க" என்றான் அவன்.

"கார்டெல்லாம் அவர்கிட்டதான் இருக்கு. சாயங்காலம் வந்ததும் கட்டச் சொல்றேனே."

"இப்பவே கட்டணும்."

"அவர் வரட்டும்பா."

அவன் பேச்சில் அக்கா போய்விட்டது. அவன் இந்தியில் ஒரு வார்த்தை சொன்னான், கேட்கக்கூடாத வார்த்தை. இணைப்பு அறுந்தது. கணினி அணைந்து மறுபடி எழுந்து, அவள் போடாத கடவுச்சொல் ஒன்றைக் கேட்டது. நீலா தன் பெயரைப் போட்டுப் பார்த்தாள், கேஷவின் பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தாள். திறக்கவில்லை. முப்பத்தாறு பக்கமும் உள்ளே மாட்டிக்கொண்டன.

போனில் மன்றத்துப் பெண்கள் பதில் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'அப்படியா?', 'நல்லவேளை சொன்னீங்க', 'எனக்கு அப்பவே சந்தேகம்.' ஸ்ரீவித்யாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஒரு மணிக்கு வாசல் மணி அடித்தது. திறந்தால் ஸ்ரீவித்யா. தோளில் லேப்டாப் பை, வண்டி ஓட்டிவந்த ஹெல்மெட் இன்னும் கையில். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நீலா ஓரடி பின்வாங்கினாள்.

"கேஷவ் அங்கிள் போன் பண்ணாருங்க. மொதல்ல அந்த நெட் வயரைப் புடுங்குங்க ஆண்ட்டி."

பிடுங்கினாள். ஸ்ரீவித்யா நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டர் நோயாளியைக் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்தப் பக்கத்துக்குப் போனீர்கள்? கரும்புப் படம் தேடினேன். கார்டு எண் சொன்னீர்களா? இல்லை. பேங்க் பக்கம் ஏதாவது திறந்தானா? இல்லை. அவன் என்ன கேட்டான்?

"வெளியாள் யாராவது தொட்டாளான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

நீலா சுவரைப் பார்த்தாள். "நீ பென் டிரைவ் போட்டேன்னு சொன்னேன்."

"எம் பேரையும் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

ஸ்ரீவித்யா தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்ததை நீலா அப்போதுதான் கவனித்தாள். "இவனுகளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஆண்ட்டி. அந்தச் செவப்புத் திரை வெறும் படம். உங்க கம்ப்யூட்டர் ஒரிஜினலா இல்லியான்னுகூட அவனுக்குத் தெரியாது. கேட்டுக் கேட்டு, நாம சொல்றதையே நமக்குத் திருப்பிச் சொல்லுவானுக. என்மேல பழி போட்டது அவன் இல்லீங்க, நீங்கதான்."

அந்தப் பெண் சொன்னது அத்தனையும் நிஜம்.

ஸ்ரீவித்யா தன் பென் டிரைவைச் சொருகி, அதிலிருந்தே கணினியை எழுப்பினாள். உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது, கதவை மட்டும்தான் பூட்டியிருக்கிறான் என்றாள். கால் மணி நேரத்தில் மலர்க் கோப்பு வெளியே வந்தது. முப்பத்தாறு பக்கமும் அவளுடைய லேப்டாப்பில் வரிசையாகத் தெரிந்தன. நீலா கை நீட்டினாள்.

"குழுவுல போட்டதுக்கு ஒரு பதில் போட்டுருங்க, ஆண்ட்டி. அப்புறம் தர்றேன்" என்றாள் ஸ்ரீவித்யா. குரலை உயர்த்தவில்லை. "ஆபீஸ்ல என்கூட வேலை செய்யற ரெண்டு பேரு அந்தக் குழுவுல இருக்காங்க."

நீலா போனை எடுத்தாள். நாசூக்காக ஏதாவது எழுதலாமா என்று இரண்டு முறை தட்டி அழித்தாள். பிறகு உள்ளதையே எழுதினாள். 'நான் போட்டது தவறு. என்னை ஒருவன் ஏமாற்றினான். ஸ்ரீவித்யாவின் பெயரை அவன் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். மலரைக் காப்பாற்றிக் கொடுத்ததும் ஸ்ரீவித்யாதான். மன்னிக்கவும். நீலா.'

அனுப்பிய அடுத்த நிமிஷமே இதயங்கள் கொட்டின, எல்லாம் ஸ்ரீவித்யாவுக்கு. எனக்கு அப்பவே சந்தேகம் என்று எழுதிய அதே பெண், தங்கமான பொண்ணு என்று எழுதினாள். நீலாவின் வயிறு பழையபடி எரிந்தது. மன்னிப்புக் கேட்டதால் அது அணைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடைசியாகச் சுவாமிநாதன் மாமா எழுதினார்: 'எல்லாம் நன்மைக்கே. மிச்சப் பக்கங்களை ஸ்ரீவித்யாவே முடித்துவிடட்டும். இனி வரும் வருஷங்களுக்கும் அதுதான் நல்லது.'

இரண்டு பேரும் அதைப் படித்தார்கள். எதற்காக இத்தனை கூத்தும் ஆடினாளோ அது போய்விட்டது. ஸ்ரீவித்யா மலரைக் கேட்கட்டும், தாராளமாகக் கேட்கட்டும், வாய் திறந்து கேட்டால் கடைசியாக ஒரு சண்டையாவது போடலாம் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, நீதான் பண்ணப்போறியா?"

ஸ்ரீவித்யா பையை மூடிக்கொண்டே நிமிர்ந்தாள். அவள் முகத்தில் நிஜமான திகைப்பு இருந்தது.

"எனக்கு எதுக்குங்க அது? மாமா தீபாவளியிலிருந்து கேட்டுட்டே இருக்காரு, நானும் முடியாதுன்னு சொல்லிட்டே இருக்கேன். ஆபீஸ் வேலையே கழுத்து வரைக்கும் இருக்கு. வேற ரெண்டு மூணு பேரையும் கேட்டுப் பாத்தாராம், யாரும் எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்களாம்." கோப்பு இருந்த பென் டிரைவை மேசைமேல் வைத்தாள். "நீங்களே பண்ணுங்க ஆண்ட்டி. பூட்டை எடுத்துட்டேன், நெட் வயரை மட்டும் இப்பப் போடாதீங்க. எனக்கு ரெண்டு மணிக்கு மீட்டிங் இருக்கு."

லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. நீலா மேசையருகிலேயே நின்றாள். பன்னிரண்டு பக்கம் பாக்கி, சனிக்கிழமை காலைவரை நேரம் இருக்கிறது, தாராளமாக முடித்துவிடலாம். அவள் விழுந்து விழுந்து காவல் காத்ததை எடுத்துக்கொள்ளச் சொல்லி மாமா வீடு வீடாகக் கேட்டிருக்கிறார், ஒருவரும் கை நீட்டவில்லை. அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.