மேளமா, காலடியா

ஒருத்தன் நடக்கிற நடையை வைத்தே அவன்மேல் ஆசை வருமா? வெனிங்குக்கு வந்தது. அந்த நடையைக்கூட அவள் நேரில் அதிகம் பார்த்ததில்லை. எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தில், திரையில் ஓடும் கோட்டில்தான் பார்த்தாள்.

மலையின் மேல்சரிவில், ஒரு குடிசைக்குப் பக்கத்தில், நிலத்தின் அதிர்வைப் பிடிக்கும் கருவி புதைந்திருக்கிறது. அதைப் பராமரிக்கிறவன் சேனோ. அதன் பக்கத்தில் அவன் நடந்தாலே போதும், கீழே திரையில் கோடு குட்டிக் குட்டியாகத் துள்ளும்.

"மாஸ் சேனோ, நீங்க நடக்குறீங்களா, நெல்லு குத்துறீங்களா? என் கோடெல்லாம் பாழாப்போகுது!" என்று வாக்கி டாக்கியில் திட்டுவாள். இளவயது ஆண்களை 'மாஸ்' என்றும் பெரியவர்களை 'பாக்' என்றும் மரியாதையாகக் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம்.

"கோட்டைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிச்சிட்டீங்களே" என்று அவன் சிரிப்பான்.

அப்படித் திட்டித் திட்டியே, இடதுகாலைக் கொஞ்சம் அழுத்தி வைக்கிற அந்த நடை அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாளா என்றால், அதுதான் இல்லை. படித்த பெண், மலையின் வயிற்றுக்குள் நடப்பதையெல்லாம் புட்டுப் புட்டு வைப்பாள். தன் மனசில் இருப்பதைச் சொல்ல மட்டும் நாக்கு எழாது.

அன்று காலை அவன் மேலே போயிருந்த சமயம் பார்த்து மலை சாம்பலைக் கக்கியது. மத்தியானத்துக்குள் ஊரே இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. சோலார் தகடுகளைச் சாம்பல் மூடியதில் மற்ற கருவிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. குடிசைப் பக்கத்துக் கருவி மட்டும் பேட்டரியில் தாக்குப்பிடித்தது. "குடிசைக்கு வந்துட்டேன், பாதை தெரியல..." என்றதோடு சேனோவின் குரல் அறுந்தது. எவ்வளவு கூப்பிட்டும் பதில் இல்லை.

பிறகு கோடு துள்ளத் தொடங்கியது. சின்னச் சின்னதாக, சீரான இடைவெளியில்.

"பாக், அவர் நடக்குறார்!" வெனிங் எழுந்தேவிட்டாள். "பேச முடியலன்னு கருவியைச் சுத்திச் சுத்தி நடக்குறார்! உயிரோட இருக்கார்!"

நிலையத் தலைவர் பாக் வியோனோ கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "அவசரப்படாதம்மா. கிழவர் மேளம் கொட்டுனாலும் இப்படித்தான் இருக்கும்."

மலையைக் கிழவர் என்றுதான் அங்கே சொல்வார்கள். அடியிலிருந்து நெருப்புக் குழம்பு பாறையை நெட்டித் தள்ளும்போது நிலம் ஒரே தாளத்தில் அதிரும். அதுதான் மேளம். மேளம் கொட்டினால் கிழவர் வெடிக்கத் தயாராகிறார் என்று அர்த்தம். சரிவில் ஒரு ஈ, காக்கை இருக்கக் கூடாது. காலடி என்றால் ஆள் போய் அவனைக் கூட்டி வரலாம். மேளம் என்றால் போகிறவர்களும் திரும்ப மாட்டார்கள்.

அடிவாரத்தில் மீட்புத் தொண்டர்கள் ஜீப்பை உறுமவிட்டுக் காத்திருந்தார்கள். அவர்களின் தலைவர் பாக் கிமின் வாக்கி டாக்கியில் வந்தார். "கோடு என்ன சொல்லுது? மேளமா, காலடியா?"

"காலடி மாதிரிதான் தெரியுது..."

"பார்த்தது நீதானே வெனிங்? அப்புறம் என்ன, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். கிளம்புறோம்."

அந்த நம்பிக்கைதான் அவளைப் போட்டு அமுக்கியது. மறுபடி திரையைப் பார்த்தாள். இடதுகால் அழுத்தம் தெரிந்தது. நிஜமாகவே தெரிகிறதா, இல்லை, தெரிய வேண்டும் என்று தவிப்பதால் தெரிகிறதா? சத்தியமாக அவளுக்கே புரியவில்லை. ஜீப்பில் இருந்தவர்கள் எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். கிமினின் மனைவி அந்நேரம் பக்கத்திலேயே நின்று அவருக்குச் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பாள்.

பொத்தானை அழுத்தினாள். சரிவிலுள்ள ஊர்களெல்லாம் அந்த அலைவரிசையில்தான் காதை வைத்திருக்கும். தெரிந்தேதான் பேசினாள்.

"பாக் கிமின், கிளம்பாதீங்க. என் கண்ணை நம்பாதீங்க. எனக்கு மாஸ் சேனோ மேல ஆசை. ரொம்ப நாளாவே. அவர் பொழைச்சிருக்கணும்னு துடிக்கிறவ பேச்சைக் கேட்டு நீங்க மலையேறக் கூடாது."

"அடேயப்பா!" என்றார் கிமின். "இது ஊருக்கே தெரிஞ்ச கதையாச்சேம்மா. தெரியாம இருந்தது அந்த மடையனுக்கு மட்டும்தான். சரி, இப்ப என்ன பண்றது, அதைச் சொல்லு."

வெனிங் யோசித்தாள். வாக்கி டாக்கியில் பேட்டரி இறங்கினால் முதலில் போவது பேச்சு. கேட்பதற்கு அவ்வளவு மின்சாரம் தேவையில்லை. அவன் கேட்டுக்கொண்டிருக்கலாம். மலை யார் சொன்னாலும் கேட்காது, மனுஷன் கேட்பான்.

"பாக், திரையை நீங்க பாருங்க. நான் பார்க்க மாட்டேன். முடிவு தெரியுற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க" என்று பாக் வியோனோவிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"மாஸ் சேனோ, அது நீங்கதான்னா, நில்லுங்க."

சுவரில் ஒரு பல்லி அசையாமல் இருந்தது. பின்னால் பாக் வியோனோவின் நாற்காலி கிறீச்சிட்டது. அது நல்லதற்கா, கெட்டதற்கா? திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப நடங்க."

பாக் வியோனோவிடமிருந்து சத்தமே இல்லை.

"நடங்க, மாஸ்."

அப்போதும் இல்லை. விழுந்துவிட்டானா? அல்லது மேளம்தான் தானாக ஓய்ந்துவிட்டதா? கெஞ்சக் கூடாது, சோதனையில் கெஞ்சலுக்கு என்ன இடம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்துவிட்டது. "நடந்து தொலைங்களேன், தயவுசெஞ்சு!"

பாக் வியோனோ மூக்கை உறிஞ்சினார். அவள் கையிலிருந்து வாக்கி டாக்கியைப் பிடுங்கினார். "கிமின், காலடிதான்யா! சொன்னதும் நின்னான், இப்ப மறுபடி நடக்குறான். பார்த்தது நான். சீக்கிரம் போங்க!"

பொழுது சாய்வதற்குள் சேனோவைக் கொண்டுவந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்து முகாமில் ஒரு பாயில் உட்கார வைத்திருந்தார்கள். தலை, புருவம், மீசை எல்லாம் ஒரே சாம்பல். வெனிங் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

"நில்லுன்னா நிக்கத் தெரிஞ்சுதுல்ல? நடன்னா ஏன் நடக்கல? எனக்கு உயிரே போயிடுச்சு, தெரியுமா?"

சேனோ இருமினான். யாரோ நீட்டிய தண்ணீரை ஒரு வாய் குடித்தான். அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"நடக்கணும்னுதான் நினைச்சேன். ஆனா அதுக்கு முன்னாடி பாக் கிமின்கிட்ட நீங்க ஒண்ணு சொன்னீங்கல்ல... அதையே நினைச்சுக்கிட்டு நின்னுட்டேன்."

கிமின் ஏதோ கேலி பேச வாயெடுத்தார். அவர் மனைவி அவரை முழங்கையால் இடித்தாள். வெனிங் சாம்பல் அப்பிய சேனோவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்கிறதே என்ற நினைப்பே இல்லாமல் ஓவென்று அழுதாள்.