தொட்டும் நகராத வரி

“பஸ் நேரத்த மொதல்ல போடட்டா, பாம்புக்கடிய மொதல்ல போடட்டா?” என்று பாறைமேலிருந்து கேட்டான் மோகன்.

“பஸ்ஸுதாங்க. பாம்பு இன்னா தெனமுமா கடிக்குது?” சாமை புடைத்துக்கொண்டே சிரித்தாள் கோகிலவாணி.

“சரிங்க மேடம்.”

மலைக்காரர்களுக்காகக் கணவனும் மனைவியும் நடத்திவந்த விக்கி பக்கம் அது. பஸ், ரேஷன், புளி விலை, இந்த வாரம் விஷமுறிவு மருந்து எந்த ஊரில் இருக்கிறது என்று சேர்த்துச் சேர்த்து, கட்டைவிரல் நோகும் அளவுக்கு நீண்டுவிட்டது. அதனால்தான் உச்சியில் ஓர் உள்ளடக்கம். தலைப்பைத் தொட்டால் நேராக அந்தப் பகுதிக்குப் போய் நிற்க வேண்டும். தலைப்புகளை முதலில் மேலே எழுதிவிட்டு, பிறகு ஒவ்வொரு பகுதியாக இறங்கி இணைப்பைப் பொருத்துவான் மோகன். டவர் எப்போது போகும் என்று தெரியாததால் அரைகுறையாகவே சேமித்தும் வைப்பான். அன்று புளி விலை வரைக்கும் வந்திருந்தான். மாடு கத்தியது. சேமித்துவிட்டு, வயலைத் தாண்டி இருந்த வைக்கோல் போரில் தாள் பிடுங்கப் போனான்.

திரும்பி வந்தபோது இடது கையை வலது கையால் பிடித்திருந்தான்.

“வாணி, பயப்படாத. பூச்சி தொட்டுடுச்சி.”

அந்தி சாய்ந்தால் மலையில் யாரும் பாம்பின் பேரைச் சொல்வதில்லை.

வீட்டுக்குப் பின்னால் பாறைமேல் ஏறினால்தான் டவர். அவனை விட்டுவிட்டு ஓடினாள். ஆம்புலன்ஸ் மேலே வர நேரமாகும் என்றார்கள். பக்கத்து வீட்டுக் காசி அதற்குள் பைக்கைக் கிளப்பியிருந்தான். ஆனால் எங்கே போவது? ஆலங்காயமா, ஒடுகத்தூரா?

பக்கத்தைத் திறந்து ‘பாம்புக்கடி’யைத் தொட்டாள். நகரவில்லை. அழுத்தித் தொட்டாள். நகரவில்லை. அவன் அவ்வளவு தூரம் இறங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விரலால் தள்ளினாள். பஸ், ரேஷன், புளி, விதை, மாட்டு ஊசி... ஓடிக்கொண்டே இருந்தது.

“அண்ணி! எந்தப் பக்கம்? இன்னா போட்டிருக்குது?”

“இருப்பா, வருது... வருது...”

ஆலங்காயம். அதற்குக் கீழே மோகன் எழுதிய வரி: கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். போரிலிருந்து அவன் நடந்தேதான் வந்திருந்தான்.

கீழே வந்தபோது அவன் இமைகள் இறங்கியிருந்தன.

“கண்ணத் தொறங்க.”

“தொறந்துதான கீறேன்.”

காசிக்கும் அவளுக்கும் நடுவில் அவனை உட்காரவைத்தார்கள். வளைவுக்கு வளைவு அவன் தலை அவள் தோளில் கனத்தது. தூங்கவிடக் கூடாது என்று அவனுக்கு மனப்பாடமான ஒன்றைக் கேட்டாள்.

“ஏங்க, ஆலங்காயத்துக்குக் கடைசி பஸ் எப்போ?”

“ஆறே கால்.”

அடுத்த வளைவிலும் கேட்டாள். “ஆறே...” நாக்கு குழறியது. அதற்கடுத்த வளைவில் பதில் வரவில்லை. அவள் மார்பில் சாய்ந்திருந்த முதுகு ஏறி இறங்குவதும் நின்றிருந்தது. “காசி, நிறுத்தாத, போ” என்று மட்டும் சொன்னாள்.

ஆலங்காயத்தில் மருந்து இருந்தது.

காரியம் முடிந்த பிறகு, பாறைமேல் உட்கார்ந்து மிச்சமிருந்த பகுதிகளுக்கெல்லாம் இணைப்பைப் பொருத்தினாள். ‘பாம்புக்கடி’யைத் தொட்டுப் பார்க்கத்தான் கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள். திறந்தபோது அவன் எழுதிய வரி நேர் எதிரே நின்றது. அவசரமாக உச்சிக்குப் போய் முதல் தலைப்பைத் தொட்டாள்.

ஆலங்காயத்துக்குக் கடைசி பஸ் ஆறே காலுக்குத்தான்.