இருபத்து நாலாவது ஆள்

ஜெனுஷனின் ஒரு வருடப் படிப்பு அன்றைக்கு மிலானின் தொண்டையை நம்பி இருந்தது.

ஆசிரியர் கல்லூரிச் சட்டம் எளிமையானது. நூற்றுக்கு எண்பது நாள் வரவு இருந்தால் இறுதிப் பரீட்சை எழுதலாம். இல்லாவிட்டால் அடுத்த வருடம் தம்பி தங்கச்சிமாரோடு உட்கார்ந்து எழுதலாம். ஜெனுஷனுக்கு ஒரே ஒரு நாள் குறைந்தது. மிச்சமிருந்த ஒரே நாள் இந்தக் கல்விச் சுற்றுலா. அவனுடைய அப்பா முதல் நாள்தான் காலை ஒடித்துக்கொண்டு படுத்திருந்தார். நுவரெலியா மரக்கறிச் சந்தையில் அப்பாவின் இடத்தில் மகன் போய் நிற்காவிட்டால் அங்கே வேறு ஆள் நிற்பான்.

"சேர் பேர் கூப்பிட்டா நீ சொல்லிரு மச்சான்" என்றான் ஜெனுஷன்.

"அதெல்லாம் ஒரு வேலையாடா" என்றான் மிலான்.

உண்மையில் அது வேலையே இல்லை, பரம்பரைச் சொத்து. தோட்டத்தில் விடிந்ததும் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில், வராத ஆளுக்கு வந்த ஆள் குரல் கொடுப்பது மிலானின் குடும்பத்தில் நாலு தலைமுறையாக நடக்கிறது. படித்துப் பட்டணம் பார்த்தவன் என்பதற்காக அவன் மட்டும் விட்டுவிட முடியுமா.

தலவாக்கலையில் பஸ் புறப்பட்டதும் ஜெயகாந்தன் சேர் வரவு இடாப்பை விரித்தார். இருபத்து நாலு பேர். ஜெனுஷன் பேர் வந்தபோது மிலான் பின்சீட்டில் குனிந்து, சளி பிடித்த குரலில் "இருக்கேன் சேர்" என்றான். சேர் நிமிரவே இல்லை.

ராகலைக்கு அப்பால் இருந்தது மரபுக் கிராமம். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருந்த பழைய லயம் ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுத் தகரத்துக்குத் துருப்பிடித்த நிறத்தில் பெயின்ட் பூசியிருந்தார்கள்.

"இதே மாதிரி லயத்துலதான் எங்க வீட்டு ஆளுங்க இன்னும் இருக்காங்க" என்றாள் உடன் படிக்கும் ஜெயந்தினி.

"அது வீட்டுப் பிரச்சினை. இது மரபு. இங்க கூரை ஒழுகாது" என்றான் மிலான்.

கங்காணி வேடம் கட்டிய ஒருவர் எல்லாரையும் பெரட்டு மாதிரி வரிசையாக நிறுத்தினார். தடியால் ஒவ்வொரு தலையாகக் காட்டி எண்ணி, "இருபத்து நாலு" என்றார்.

மிலானுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. சேர் வரிசைக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். டிரைவர் பஸ்ஸில் முகத்தில் துவாயைப் போட்டுத் தூங்கினார். மிலான் தானே எண்ணினான். பேர் சொல்லி எண்ணினால் இருபத்து மூன்று. விரல் வைத்து எண்ணினால் இருபத்து நாலு. கணித ஆசிரியராகப் போகிறவனுக்கு இது நல்ல சகுனம் இல்லை.

சாப்பாட்டுப் பார்சலும் இருபத்து நாலு. மிஞ்சும் ஒன்றின்மேல் மிலானுக்குக் காலையிலிருந்தே ஒரு கண். பெட்டி காலியாக இருந்தது.

"மிச்சம் ஒண்ணு இருக்கணுமே" என்றான்.

"எல்லாருக்கும் குடுத்துட்டேன். கடைசியா நின்ன ஜெனுஷனுக்கும் குடுத்தேன். சாப்பிடாம கையிலயே வச்சிக்கிட்டு நின்னான்" என்றாள் ஜெயந்தினி.

"ஜெனுஷன் இன்னைக்கு வரலியே."

"காலையில இருக்கேன்னு சொன்னானே" என்றாள். பிறகு ஏதோ மறந்ததைப் போலத் தன் கையையே பார்த்தாள்.

பகல் இரண்டு மணிக்கே பனி இறங்கிவிட்டது. தேயிலைக்கு நடுவே கல்லால் கட்டிய பழைய மிஷன் கோயில் கிட்டப் போன பிறகுதான் தெரிந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பத்திநாதன் அடக்கப் பதிவேட்டை விரித்துக் காட்டினார். ஒரு வரியில் இலக்கம் இருந்தது, திகதி இருந்தது. பேர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது.

"இது யாருங்க?" என்று கேட்டான் மிலான்.

"காய்ச்சல்ல செத்த ஆளு. செத்துட்டாருன்னு சொன்னா குடியிருக்கிற லயத்துக் காம்பராவப் புடுங்கிருவாங்கன்னு, ராவோட ராவா பொதைச்சிட்டு, தம்பிக்காரன் மூணு மாசம் பெரட்டுல அவரு பேருக்குக் குரல் குடுத்திருக்கான். அப்புறமா வந்து ஜெபம் சொல்லச் சொன்னா, தெனமும் வேலைக்கு வர்ற ஆள நான் எப்பிடி அடக்கம் பண்றதுன்னு பாதர் பேரை எழுதாம விட்டுட்டாரு."

"பாவம்."

"பாவந்தான். இந்தப் பக்கம் யாராச்சும் வராத ஆளுக்குக் குரல் குடுத்தா வந்து நின்னுக்குவாராம். தொல்லை ஒண்ணும் இல்ல. ஒழுங்கா வரிசையில நிப்பாரு. போறப்ப அந்தப் பேரோட போயிருவாரு."

"பேருக்குச் சொந்தக்காரன்?"

பத்திநாதன் பதிவேட்டை மூடினார். "அவரு இல்லாத ஆளுதானே தம்பி."

மிலான் வெளியே வந்து ஜெனுஷனுக்குக் கோல் எடுத்தான். சந்தை இரைச்சலுக்கு அடியில் எங்கோ தூரத்தில் கேட்டது குரல்.

"மச்சான், இங்க என்னமோ சரியில்லடா. மொதலாளிக்கு முன்னாலயே நிக்கிறேன், ஜெனுஷன் வரலியான்னு கேக்குறாரு. மூட்டையத் தூக்குனா, யாரு தூக்குனதுன்னு தேடுறாங்க. அம்மாவுக்குக் கோல் எடுத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"யாருங்க பேசுறதுன்னாங்க." பிறகு, "நீ பேர் சொல்லிட்டதானே? அது மட்டும் விட்டுறாத மச்சான்."

கோயில் வாசலில் சேர் கடைசித் தடவையாக இடாப்பைத் திறந்தார். இதில் விழும் சரி அடையாளம்தான் கணக்கு. எல்லாரும் வரிசையில் நின்றார்கள். பனியில் கடைசி நாலு பேரின் முகம் தெரியவில்லை.

"ஜெனுஷன்."

மிலான் வாயைத் திறக்குமுன் வரிசையின் கடைசியிலிருந்து பதில் வந்தது.

"இருக்கேன் சேர்."

சளி பிடித்த குரல். மிலான் காலையில் போட்ட அதே குரல்.

சேரின் பேனை இடாப்பைத் தொடப்போனது. அந்த ஒரு கோட்டில் ஜெனுஷனின் பரீட்சை இருந்தது. சும்மா நின்றாலே போதும். சும்மா நிற்பதில் மிலானுக்குப் பதின்மூன்று வருடப் பள்ளி அனுபவம் உண்டு.

"சேர், ஜெனுஷன் வரல" என்றான்.

"இப்பதானே சொன்னான்."

"அது ஜெனுஷன் இல்ல சேர். காலையில நான்தான் சொன்னேன். இப்ப சொன்னது நான் இல்ல. ஜெனுஷன் சந்தையில இருக்கான். அவனுக்கு வரலன்னு போடுங்க."

சேர் அவனையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். விரலை நீட்டி எண்ணினார். இருபத்து நாலு வந்தது. மறுபடி எண்ணினார். அதே இருபத்து நாலு. கடைசித் தலைக்கு நேரே வந்ததும் விரலை மடக்கிக்கொண்டார்.

"வரலன்னு போட்டா அவனுக்குப் பரீட்சை இல்ல. தெரியுமா?"

"தெரியும் சேர். போடுங்க."

சிவப்புக் கோடு விழுந்தது. சேர் மூன்றாம் முறை எண்ணினார். இருபத்து மூன்று. யாரும் விலகிப் போகவில்லை, காலடிச் சத்தமும் இல்லை. வரிசையின் கடைசியில் பிரிக்காத சாப்பாட்டுப் பார்சல் ஒன்று நனைந்துபோய்க் கிடந்தது. பஸ்ஸுக்குப் போகும்போது ஒருவரும் அதை மிதிக்கவில்லை.

நுவரெலியாவுக்குக் கிட்ட வரும்போது போன் அடித்தது.

"அம்மா கோல் எடுத்தாங்க மச்சான்" என்றான் ஜெனுஷன். இப்போது குரல் காதுக்குள்ளேயே இருந்தது. "சாப்பிட்டியான்னு கேட்டாங்க. மொதலாளியும் ஏசுறாரு, இவ்வளவு நேரம் எங்க போனன்னு. சரி, சேர் பேர் கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டாரு."

"சொன்னியா?"

"இல்ல. வரலன்னு சொல்லிட்டேன்."

ஜெனுஷன் ஏச ஆரம்பித்தான். மிலானிலிருந்து தொடங்கி, அவன் பிறந்த லயம், படித்த பள்ளி, இனிமேல் கட்டப்போகிற பொண்டாட்டி வரைக்கும் ஒன்றும் விடாமல் ஏசினான். இடையில் அழுதான், மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி ஏசினான்.

நியாயமான ஏச்சு. ஒரு வருடம் போனது போனதுதான். பனியில் நடந்ததைச் சொன்னால் இன்னும் ஏசுவான். பக்கத்தில் ஜெயந்தினி யார் என்று சைகையில் கேட்டாள்.

"ஜெனுஷன்" என்றான் மிலான், நல்ல சத்தமாக. போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டு, "ம், சொல்லு மச்சான்" என்றான்.