மச்சினன் கொண்டுவந்த லேப்டாப்

என் மச்சினன் வாயைத் திறந்தால் நாற்பதாயிரம் பேர் கேட்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் என் மனைவிகூட, "என்ன சொன்னீங்க?" என்று காதிலிருந்து இயர்போனைக் கழற்றுகிறாள். இயர்போனுக்குள் பேசிக்கொண்டிருப்பதும் அவன்தான்.

இரண்டு பேரும் வெல்டர்கள். ஒரே பட்டறையில், ஒரே வருடத்தில் வெல்டிங் ராடு பிடித்தவர்கள். அவன் கேட் செய்கிறான், நான் தண்ணீர் டேங்க் செய்கிறேன். கேட்டில் ஓட்டை விழுந்தால் பெயிண்ட் அடித்து மூடிவிடலாம். டேங்கில் மூட முடியாது, ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். என் வெல்டு இதுவரை ஒழுகியதில்லை. அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை. அவன் கேட்டுக்கு முன்னால் நின்று, "பொறி பறக்கட்டும்!" என்று கத்துவதை அவன் யூடியூப் சேனலில் ஊரே பார்க்கிறது. அவன் பெயரே பொறி என்று ஆகிவிட்டது.

"தம்பி எப்படிப் பேசறான் பாருங்க" என்பாள் மனைவி.

"பேசறான். வெல்டு எப்ப அடிப்பான்?"

"உங்களுக்கு வயித்தெரிச்சல்."

ஆமாம். இல்லை என்று எப்போது சொன்னேன்?

ராடு செய்யும் கம்பெனி ஒன்று ஆள் தேடியது. வாரம் ஒரு மணி நேரம், நடுவில் அறுபடாமல், நேரலையில் வெல்டு அடித்துக் காட்ட வேண்டும். பிறகு அதைத் துண்டு துண்டாக வெட்டிச் சின்ன வீடியோக்களாகக் கொடுக்க வேண்டும். முதலில் பொறியைத்தான் கேட்டார்கள். தனக்கு நேரமில்லை என்று சொல்லி, என்னைக் கைகாட்டிவிட்டான். அவன் தட்டில் மிச்சம் வைத்தது எனக்கு.

வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் மூடிய டேங்குக்குள் இறங்கி இறங்கி நெஞ்சு புகைக்கூண்டாகிவிட்டது. படி ஏறினாலே விசில் அடிக்கிறது. இந்த வேலை கிடைத்தால் டேங்குக்குள் தலையை விடாமல் பிழைத்துக்கொள்ளலாம். அதனால் வாயை மூடிக்கொண்டு சரி என்றேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை என்றார்கள்.

இரண்டு கேமரா வேண்டுமாம், ஒன்று கைக்கு, ஒன்று ஆளுக்கு. இரண்டையும் சேர்த்து அனுப்ப போன் போதாது, லேப்டாப் வேண்டும். எனக்குத் தெரிந்தவர்களில் லேப்டாப் பற்றித் தெரிந்தவன் ஒரே ஒருவன். அவனையே கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் மேசையில் இரண்டை வைத்தார். இரண்டும் ஒரே விலை, என் கைக்கு எட்டிய விலை. ஒன்று ஏதோ ஆபீஸில் ஓடிக் களைத்தது. கறுப்பாக, செங்கல் மாதிரி கனம், மூலையில் கீறல், அடியில் பழைய நம்பர் ஸ்டிக்கர். இன்னொன்று புதிது. வெள்ளி நிறம், விரல் தடிமன். பொறி வைத்திருப்பதும் வெள்ளிதான். அவனுடையது விலை கூடுதல் என்றாலும், தூரத்தில் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி.

பொறி செங்கலைத் திருப்பிப் பார்த்தான். "மாமா, இத எடுங்க. ஃபேன் ரெண்டு இருக்கு, காத்து வெளிய போக வழி இருக்கு. மெமரி பதினாறு. வீடியோவுக்குன்னு தனி சிப் இருக்கு."

"அது புதுசுதானே?"

"புதுசுதான். ஃபேனே கிடையாது. கணக்கு எழுத, கடுதாசி அடிக்க நல்லாருக்கும். இதுல போய் லைவ் விட்டா மூச்சு முட்டும்."

"உன்னுது மட்டும் மெலிசா இருக்கே மாப்ள."

"என்னுது வேற ரகம் மாமா."

வேற ரகம். அந்த ஒரு வார்த்தை போதும். அவனுக்கு வெள்ளி, எனக்கு எவனோ தட்டித் தேய்ந்த கறுப்புச் செங்கல். நாளைக்கு அக்காவிடம் என்ன சொல்வான் என்பது அப்போதே காதில் கேட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவனை வீட்டில் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு தனியாக வந்து வெள்ளியை வாங்கினேன்.

சனிக்கிழமை பத்து மணி. ஷெட்டின் தகரக் கூரை அதற்குள் சூடேறியிருந்தது. கம்பெனி மேடம் லிங்க்கில் வந்து, "ஆரம்பிங்க சார்" என்றார். ஒரு போனின் கண்ணில் கறுப்புக் கண்ணாடித் துண்டை ஒட்டிக் கைக்கு நேரே வைத்தேன். இன்னொன்று ஆளுக்கு. தடித் தகடு இரண்டு, செங்குத்தாக நிறுத்தியது. வெல்டு கீழிருந்து மேலே ஏற வேண்டும். மாஸ்க்கைத் தட்டி இறக்கினேன்.

பதினைந்து நிமிடம் ராஜாவாக ஓடியது. பதினாறாவது நிமிடத்தில் மனைவி வாசலில் நின்று, லைவ் பார்த்துக்கொண்டிருந்த தன் போனைக் காட்டினாள்.

"என்னங்க, சத்தம் இப்ப வருது, பொறி அப்புறமா வருது."

அடுத்த நிமிடம் அதுவும் இல்லை. படம் நின்றுவிட்டது. மாஸ்க்கைத் தூக்கி வாயைப் பிளந்தபடி நான், குளத்திலிருந்து எடுத்துப்போட்ட மீன் மாதிரி. லேப்டாப்பின் அடியைத் தொட்டேன். தோசைக்கல் தேவலை.

வெல்டிங் மெஷின் வாங்கப் போனால் ஆம்பியர் எவ்வளவு என்று நான் கேட்கமாட்டேன். அதைப் புதிதாக வருபவன்தான் கேட்பான். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் நிற்காமல் ஓடும், எத்தனை நிமிடம் ஆறப் போட வேண்டும், அதைத்தான் முதலில் கேட்பேன். இருபத்திரண்டு வருடமாக அதைக் கேட்டுத்தான் மெஷின் வாங்குகிறேன். அன்றைக்குக் கடையில் மட்டும் கேட்கவில்லை. நிறத்தைப் பார்த்தேன்.

மேடம் போனில் வந்தார். "சார், எங்களுக்கு அறுபடாம ஒரு மணி நேரம் வேணும். பன்னண்டு மணிக்குள்ள திரும்பக் காட்ட முடியுமா? இல்லன்னா அடுத்த ஆளப் பாக்கணும்."

முடியும் என்று சொல்லிவிட்டு, எப்படி என்று தெரியாமல் நின்றேன். மனைவி ஏற்கெனவே தம்பியைக் கூப்பிட்டிருந்தாள்.

அவன் பத்து நிமிடத்தில் வந்தான். மேசையில் இருந்ததைப் பார்த்தான்.

"மாமா, நான் சொன்னது இது இல்லையே."

"தெரியும்."

"பின்ன?"

"மாட்டு மாப்ள. நேரமாகுது."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. அது இன்னும் எரிந்தது. தன் லேப்டாப்பை எடுத்து வைத்து, கைக்கு நேரே இருந்த போனை மட்டும் மாட்டினான். இன்னொரு போன் சார்ஜ் தீர்ந்து செத்திருந்தது. கை தெரிந்தால் போதும், அறுபடக் கூடாது, அவ்வளவுதான் என்றார் மேடம். அவன் ஏதோ தட்டி, லிங்க்கை அவருக்கு அனுப்பினான். நான் மாஸ்க்கை இறக்கினேன்.

மூன்றாவது ராடு மாற்றும்போது அவன் மைக்கை அணைத்துவிட்டு அருகே வந்து குனிந்தான்.

"மாமா, ஒரு தப்பு நடந்துபோச்சு. இது என் சேனல்ல போகுது. அவசரத்துல அக்கவுண்ட மாத்தாம அமுக்கிட்டேன். ஆயிரத்து இருநூறு பேரு பாக்கறாங்க. நான்தான் அடிக்கறேன்னு நெனச்சுட்டு இருக்காங்க."

படத்தில் தெரிவது இரண்டு கையுறைகளும் நெருப்பும்தான். நிறுத்தினால் ஒரு மணி நேரம் அறுந்துவிடும்.

"நீங்கன்னு எழுதிப் போட்டுடறேன்" என்று கீபோர்டுக்குக் கையை நீட்டினான்.

"போடாத."

"ஏன்?"

"போடாதன்னா போடாத. என்ன எழுதறாங்க, அத மட்டும் படி."

என் முகம் இல்லாமல், என் பெயர் இல்லாமல், என் கையைப் பற்றி ஆயிரம் பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. அவன் பெயருக்குக் கிடைக்கும் பாராட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

அவன் சிரித்துக்கொண்டே படித்தான். "பொறி அண்ணா, இன்னைக்கு என்ன, பேச்சே காணோம்." "அண்ணா அமைதியா இருக்கறது நல்லாருக்கு." மனைவி சிரித்தாள். அவனும் சிரித்தான்.

வெல்டின் மேல் படிந்த கசடைத் தட்டி எடுத்தேன். வெல்டு வரி மீன்செதில் மாதிரி அடுக்கடுக்காக ஏறியிருந்தது. அவன் படித்தான். "அண்ணா, இது நீங்க அடிச்சதிலேயே நல்ல வெல்டு." சிரிப்பு சற்றுக் குறைந்திருந்தது. "போன வாரம் கேட்டுல அடிச்சத இதோட வெச்சுப் பாருங்கடா, அப்ப தூங்கிட்டு அடிச்சாரா?" பாதியிலிருந்து குரலைத் தாழ்த்தி வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான். நான் காதைத் தீட்டி வைத்திருந்ததால் மீதியும் கேட்டது.

"அடுத்து?"

"அவ்வளவுதான் மாமா. வேற ஒண்ணும் இல்ல."

மாஸ்க்கைத் தூக்கி, ராடு மாற்றும் சாக்கில் திரையைப் பார்த்தேன். எழுத்து மழையாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாயிரத்து முந்நூறு பேர்.

"படி மாப்ள."

படிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தகரத்தில் சாய்ந்து, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். திரையைப் பார்க்கவில்லை. என் வெல்டை அவன் அப்படி உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை.

ஒரு மணி நேரம் முடிந்ததும் அவன் போன் அடித்தது. லிங்க்கும் சேனலும் அவனுடையது என்பதால், கையும் அவனுடையதே என்று நினைத்து மேடம் அவனைத்தான் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் குரல் தெளிவாக வந்தது.

"பிரமாதம் தம்பி. பேசாம நீங்களே இத செய்யலாமே. சனிக்கிழமை தோறும் எழுதிக்கட்டுமா?"

மனைவி அவனைப் பார்த்தாள். நான் கையுறையைக் கழற்றாமல் நின்றேன். இப்போது இவன் 'ம்' என்றால், என் நெஞ்சு மறுபடி டேங்குக்குள் போக வேண்டியதுதான்.

"நான் இல்ல மேடம்" என்றான். "எங்க மாமா. அவரு கை அது."

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். கல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற குரல். எத்தனையோ விருந்துகளில், "என் மச்சினன்தாங்க" என்று நான் சொன்ன அதே குரல்.

"அப்ப அவர் பேரையே எழுதிக்கறேன்" என்றார் மேடம்.

பொறி ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினான். எப்போதும் நிதானமாகச் சுருட்டுபவன், அன்றைக்கு முடிச்சு விழுந்தும் இழுத்துப் பையில் திணித்தான்.

"அடுத்த சனிக்கிழமை இது கெடைக்காது மாமா. எனக்கு வேலை இருக்கு."

"சரி மாப்ள."

"சாப்பிட்டுப் போடா" என்றாள் மனைவி.

"பசிக்கல."

வண்டி போன சத்தம் அடங்கியதும், "அவனுக்கு என்னாச்சு? மூஞ்சியே சரியில்ல" என்றாள்.

"தெரியலையே" என்றேன். கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து, அவன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.