கஜபதி கொட்டிய மண்

மணலைக் கொட்டுவதற்காக லாரியைப் பின்னால் எடுத்த கஜபதி, பள்ளத்துக்குள் ஒரு வழுக்கைத் தலை தெரியவும் சட்டென்று பிரேக்கை மிதித்தான். மேனாம்பேட்டில் அந்த மனையில் அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது, ஒரு லோடு மணல் வேண்டும் என்றுதான் மேஸ்திரி சொல்லியிருந்தார். தோண்டித்தான் இருந்தார்கள். ஆனால் எந்த ஊரில் அஸ்திவாரத்தைக் கட்டம் கட்டமாகத் தோண்டுவார்கள்? முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, ஒரு கட்டம் முழங்கால் ஆழம், பக்கத்துக் கட்டம் இடுப்பளவு என்று பாண்டி விளையாடுகிற கோடு போல இருந்தது. நடுக் கட்டத்தில் ஒரு பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பல் துலக்குகிற பிரஷ்ஷால் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கொஞ்சம் நவுருங்க. மணல் கொட்டணும்."

"கொட்டாதே! கொட்டாதேப்பா!" அவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தார். "ரோட்டோரமா கொட்டு. இங்க ஒரு கைப்பிடி மண்ணு விழக்கூடாது."

அவர் பெயர் ஜானகிராமன். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் குமாஸ்தா. வருகிற ஆனியில் ஓய்வு, அதோடு குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். அதற்குள் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாகக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று கார்த்திகையில் வேலையைத் தொடங்கினார்கள். முதல் நாளே கடப்பாரை முனையில் ஒரு கல் நெம்பி வந்தது. அன்று மேஸ்திரியைத் திருப்பி அனுப்பியவர்தான், மறுபடி கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு எழும்பூர் மியூசியத்துக்குப் போய், இதே மாதிரி கல் இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அரை நாள் நின்றுவிட்டு வந்தார். இப்போது மாசி பிறந்துவிட்டது. ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. மணலாவது வந்து சேரட்டும், பார்த்தாவது மனம் மாறுவார் என்று மேஸ்திரி நினைத்திருக்க வேண்டும்.

ஜானகிராமன் ஒரு கல்லைத் துடைத்து கஜபதியின் கையில் வைத்தார். அகலமான அடி, கூரான முனை, இரண்டு பக்கமும் செதுக்கிச் செதுக்கி எடுத்த விளிம்பு.

"இது என்னன்னு தெரியுமா? கைக்கோடரி. ஆதிமனுஷன் செஞ்சது. உன் தாத்தா, அவருக்குத் தாத்தா, அவருக்குத் தாத்தான்னு நாள் பூரா சொல்லிக்கிட்டே போனாலும் இவன்கிட்ட போய்ச் சேர முடியாது." அவருக்கு மூச்சு வாங்கியது. "இவங்க இந்தப் பக்கமெல்லாம் குடியிருந்தாங்களா, இல்ல எங்கேயோ கிடந்த கல்லை வெள்ளம் உருட்டிக்கிட்டு வந்து போட்டுதான்னு படிச்சவங்க இன்னும் சண்டை போடறாங்க. உருண்டு வந்திருந்தா விளிம்பு மழுங்கியிருக்கணுமே! தொட்டுப் பாரு. கையை வெட்டும். இதே இடத்துல இருந்திருக்கான்ப்பா. என் மனையில இருந்திருக்கான்."

கஜபதி தொட்டுப் பார்த்தான். அந்தக் கல்லை அவனுக்கு நன்றாகத் தெரியும். மண்ணையும் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த இடம் ஏரித் தண்ணீர் தேங்கும் பள்ளம். மனை போடுவதற்காக ஒரு கோடைக்காலம் முழுக்கத் திருவள்ளூர் தாண்டி ஒரு செம்மண் மேட்டை வெட்டி, மூன்று லாரிகளில் கொண்டுவந்து நிரப்பினார்கள். அதில் ஒன்று கஜபதியின் லாரி. பிறகு மனை வாங்க வந்தவர்களுக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. வெட்டுகிற ஆட்கள் இந்தக் கல்லை நாக்குக்கல் என்பார்கள். மண்வெட்டியின் வாயை மடக்கிவிடும் என்று அதைத் திட்டாத நாள் இல்லை. கைக்கு வாகாக இருக்கிறதே என்று கஜபதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டான். லாரியின் பின்பலகைக் கொக்கி இறுகிக்கொண்டால் அதால்தான் தட்டுவான். இந்த நிமிஷம்கூட அது அவன் சீட்டுக்கு அடியில் கிடந்தது.

உருண்டு வராத கல்தான். சொகுசாக லாரியில் வந்த கல். சிரிப்பு வரவேண்டிய விஷயம், ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபோது வரவில்லை. தலைச்சன் பிள்ளையை முதல் முதலாகக் கையில் வாங்கியவனின் முகம் அது. மணலை ரோட்டோரம் கொட்டிவிட்டு, வேலியோரம் உட்கார்ந்து வாளித் தண்ணீரில் கல் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவியிடம் போனான். கஸ்தூரி அம்மாள் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். பாதிக் காபியில் அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

அவர் கழுவுவதை நிறுத்தினார்.

"அதோ, அந்த மூணாவது முளைக்குச்சி தெரியுதா தம்பி? அங்கதான் எனக்கு சமையல் உள் வரணும். கிழக்கே ஜன்னல். குவார்ட்டர்ஸ்ல இருபத்தேழு வருஷமா மேற்கு வெயில்லயே வெந்துட்டேன்."

"அதான்மா சொல்றேன். சார்கிட்ட உண்மைய சொல்லிட்டா நாளைக்கே வேல ஆரம்பிச்சிரலாம். ஊடு எழும்பிரும்."

"சொல்லாதே." அவர் குரல் தாழ்ந்தது. "ஆபீஸ்ல யாரும் அவர்கிட்ட எதையும் கேட்டதில்லை தம்பி. ஜானகிராமா, அந்த ஃபைலை எடுன்னு சொல்லுவாங்க, அவ்வளவுதான். வர்ற ஞாயித்துக்கிழமை யூனிவர்சிட்டியிலேருந்து ஒரு அம்மா வர்றாங்க. இவர் எழுதின கடுதாசியைப் பார்த்துட்டு இவரைக் கேக்கறதுக்குன்னே வர்றாங்க. அது ஒரு நாள் அவருக்குக் கிடைக்கட்டும்."

வீடு வேண்டியவரே சொல்ல வேண்டாம் என்கிறபோது அவன் என்ன சொல்வது? அன்று ராத்திரி கள்ளிக்குப்பத்து வீட்டில் அவன் மனைவி சொர்ணமும் அதையேதான் சொன்னாள்.

"அந்தம்மாவே சொல்லிட்டாங்கல்ல? நீ வாய மூடிகினு இரு."

"வர்றவங்க படிச்சவங்கடி. மண்ணப் பாத்தாலே கண்டுபுடிச்சிருவாங்க. அவங்க வாயால கேட்டா அந்த மனுசன் இன்னா ஆவாரு?"

சொர்ணம் அடுப்பைத் தணித்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே போய்விட்டான். ஜானகிராமன் தேய்த்த வெள்ளைச் சட்டையில், கற்களை ஒரு கோணிமேல் பரப்பி, ஒவ்வொன்றின் கீழும் சீட்டு எழுதி வைத்துக்கொண்டிருந்தார். கஜபதி லாரி சீட்டுக்கு அடியிலிருந்த கல்லை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தான். அங்கே பரப்பியிருந்த எல்லாவற்றையும்விட அது அழகாக இருந்தது.

"நான் தப்பு பண்ட்டேன் சார். இந்த மண்ண நான்தான் கொட்னேன்."

திருவள்ளூர் மேட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். ஜானகிராமன் பள்ளத்தின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். வெள்ளை வேட்டியில் செம்மண் ஒட்டியதையும் கவனிக்கவில்லை. கஸ்தூரி அம்மாள் அவர் பக்கத்தில் போய் நின்று தோளில் கை வைத்தார். கஜபதியை அந்த அம்மாள் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது.

"இன்னிக்கு ஏன் சொன்னே?" என்றார் ஜானகிராமன்.

"அவங்க சொல்லி நீங்க கேக்கக் கூடாதுன்னு சார்."

அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசலில்லாத அந்த மனைக்கு முன்னால் ஆட்டோ வந்து நின்றது. கண்ணாடி போட்ட, கைத்தறிப் புடவை கட்டிய ஒரு அம்மையார் இறங்கினார். ஜானகிராமன் எழுந்து கும்பிட்டார்.

"மன்னிக்கணும்மா. வீணா அலைய வச்சுட்டேன். இங்க யாரும் இருந்ததில்லை. இது இவர் கொண்டுவந்து கொட்டின மண்ணு." கஜபதியைக் கைகாட்டினார். "ஆனா எங்கேருந்து வெட்டினாங்க, எவ்வளவு ஆழத்துலன்னு இவருக்குத் தெரியும். இவரைக் கேளுங்க."

அந்த அம்மையார் கஜபதியின் பக்கம் திரும்பி நோட்டைப் பிரித்தார். "சொல்லுங்க" என்றார். டிராபிக் போலீஸைத் தவிர வேறு யாரும் அவன் முன்னால் நோட்டைப் பிரித்ததில்லை.

"மேலாப்ல செம்மண்ணும்மா. ஒரு ஆள் ஆழத்துக்கு ஒரு கல்லு கெடைக்காது. அப்பால வெள்ளக் களிமண்ணு ஒரு முழம். அதுக்குக் கீழதான் இந்தக் கல்லு. குமிச்சு வச்ச மாரி கெடக்கும். சுத்தி சில்லு சில்லா தூளு வேற."

பேனா நின்றது. "சில்லும் கூடவே இருந்துதா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமாம்மா? கால்ல குத்தும். தச்சுப் பட்டறையில செராய் கெடக்குமே, அந்த மாரி."

ஜானகிராமன் கஜபதியின் கையைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளம் வந்திருந்தா சில்லை அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும்ப்பா! அங்கேயே உக்காந்து செதுக்கியிருக்கான். இல்லையாம்மா?"

"பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்" என்றார் அந்த அம்மையார். ஆனால் அவரும் லேசாகச் சிரித்தார். "அந்த மேடு இன்னும் இருக்கா?"

"பாதி கீதும்மா. மீதி மேனாம்பேடு, கள்ளிக்குப்பம், பாடின்னு எல்லார் ஊட்டுக்கும் கீழ கீது."

மேட்டைப் பார்க்கப் புறப்பட்ட லாரியில் ஜன்னலோரம் அந்த அம்மையார் ஏறிக்கொண்டார். நடுவில் ஜானகிராமன், மடியில் கல். ஏறுவதற்கு முன் அவர் பள்ளத்தைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"போயிட்டு வாங்க" என்றார் கஸ்தூரி அம்மாள். "நான் இங்கேயே இருக்கேன்."

தெருமுனையில் திரும்பும்போது கஜபதி பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தான். கஸ்தூரி அம்மாள் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, சமையல் உள்ளுக்கென்று காட்டிய மூன்றாவது முளைக்குச்சியைப் பிடுங்கிக் கிழக்கே நாலு எட்டு நடந்தார். குனிந்து அதை மண்ணில் நட்டார். கோணியிலிருந்து ஒரு கல்லை எடுத்து, அகலமான பக்கத்தால் குச்சியின் தலையில் ஓங்கித் தட்டினார்.