ஜீவானந்தம் என்ற குதிரைவீரன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. என் சித்தப்பா மகள் சௌந்தர்யா, வெண்ணந்தூரில் வாழ்க்கைப்பட்டவள், ராசிபுரத்தில் என் வீட்டுச் சமையலறையில் பூண்டு உரித்தபடி சொன்னது. அழவில்லை. அழுதிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்; அழுகிறவர்களைப் பற்றி எழுதி எழுதி எனக்கே சலித்துவிட்டது.

2

தொடக்கம் ஒன்று: 'வடநாட்டு வெயிலில் ரிக் வண்டி பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தபோது ஜீவானந்தம் தன் மனைவியை நினைத்துக்கொண்'

வேண்டாம். அவன் என்ன நினைத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

தொடக்கம் இரண்டு: 'சௌந்தர்யாவின் உள்ளங்கையில் ஒரு போர்க்களம் இருந்தது.'

த்தூ. இங்கே கவியரங்கமா நடக்கிறது?

உள்ளதைச் சொல்கிறேன். சௌந்தர்யாவின் வீட்டுக்காரன் ஜீவானந்தம், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் துளை இறக்கும் டிரில்லர். வருஷத்தில் முக்கால்வாசி ஜார்கண்ட், சத்தீஸ்கர் என்று போய்விடுவான். அங்கே மழை பிடித்து வேலை நிற்கும்போதுதான் வீடு. ஒருமுறை வந்தபோது கையில் வைத்து விளையாடும் வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். அதில் ஒரு போர் விளையாட்டு. இரண்டு பேரும் சேர்ந்தே பழகினார்கள். அவன் போன பிறகு பெட்டி இவளிடம் இருந்தது.

(விளையாட்டு தெரியாதவர்களுக்கு: கட்டம் போட்ட களம். உங்கள் ஆட்களை ஒவ்வொருவராக நகர்த்தி முடித்ததும் எதிரி நகர்த்துவான். தாயம்போல மாற்றி மாற்றித்தான். ஆனால் தாயத்தில் வெட்டுப்பட்ட காய் மறுபடி இறங்கும். இதில் செத்தால் செத்ததுதான். ஆட்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். வினை அங்கேதான் பிடித்தது.)

3

புருஷன் பெயரை எங்கள் பக்கத்துப் பெண்கள் இன்னமும் வாயால் சொல்வதில்லை. 'மாமா'தான், 'அவங்க'தான். பெட்டிக்குள் எழுதினால் யார் கேட்கப்போகிறார்கள்? குதிரைவீரனுக்கு ஜீவானந்தம் என்று வைத்தாள். ஈட்டிக்காரிக்கு மாமியார் அங்கம்மாள் பெயர். காயம் ஆற்றும் வைத்தியச்சிக்குத் தன் பெயர். [புருஷன் பெயரைத் திரையில் பார்க்க அவளுக்கு ஆசை என்று எழுதலாமா? ஆசைதான். எழுதிவிட்டேன்.]

ஒரு மத்தியானம் எதிரிகள் சூழ்ந்துகொண்டார்கள். வைத்தியச்சி தப்ப வேண்டுமானால் யாராவது பாலத்தில் நின்று அடி வாங்க வேண்டும். குதிரைவீரனை நிறுத்தினாள். செத்தான்.

"ஐயோ, மாமா செத்துட்டாங்களே!" என்று கத்திவிட்டாள். அங்கம்மாள் கரண்டியோடு ஓடி வந்தார்.

4

இந்த இடத்தில் மாமியாரை ராட்சசியாக்க என் கை துறுதுறுத்தது. 'அங்கம்மாள் மருமகளின் கூந்தலைப் பற்றி' என்று எழுதியும் பார்த்தேன். பச்சைப் பொய். விஷயம் தெரிந்ததும் அந்த அம்மா சொன்னது இதுதான்:

"அட கெரகமே! பொட்டிக்குள்ள செத்ததுக்குக் கருமாதியா பண்ண முடியும்? போயி மூஞ்சியக் கழுவு சாமி."

அதோடு விட்டிருக்கலாம். மகன் போன் செய்தபோது சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டார்: "உம் பொண்டாட்டி உன்னயக் கொன்னுபோட்டாடா!"

அவன் சிரிக்கவில்லை. போனை சௌந்தர்யாவிடம் கொடுக்கச் சொன்னான்.

"ஏன் என்னைய நிறுத்துன?"

"வெளையாட்டுதானுங்க மாமா."

"அதான் கேக்கறேன். வெளையாட்டுல ஏன் என்னைய?"

5

மழை பிடித்தது, வந்தான். குளித்தான், கறிக்குழம்பு தின்றான், பெட்டியை எடுத்துப் புதிதாக ஆட்டம் தொடங்கினான். வைத்தியச்சிக்கு சௌந்தர்யா என்று பெயர் வைத்தான். வைத்தியச்சி கையில் ஆயுதம் கிடையாது. தனியாகக் கொண்டுபோய் எதிரிகள் நடுவில் நிறுத்தினான். செத்ததும் திரையை இவள் பக்கம் திருப்பினான்.

"எப்படி இருக்குது?"

மறுபடி முதலிலிருந்து. இருந்த நாளெல்லாம் இதே வேலை. கை நீட்டவில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. தெருவில் தங்கமான மனுஷன் என்றுதான் பேர்.

6

முடிவுக்கு வருவோம்.

பெட்டியைத் தரையில் அடித்து உடைக்கிறாள் என்று முடித்தால் கைதட்டு கிடைக்கும். அவள் உடைக்கவில்லை. இருவரும் சிரித்துக் கட்டிக்கொள்கிறார்கள் என்று முடிக்கலாம். யாரை ஏமாற்ற? 'வைத்தியச்சி செத்தா ஆட்டம் நடக்காது, நீங்க இல்லாட்டியும் நடக்குமுங்க மாமா' என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது, "தப்புதானுங்க மாமா."

நடந்ததைச் சொல்கிறேன். மழை விட்டது, வண்டி கிளம்பியது. ரிக் தூசியில் கெட்டுவிடும் என்று எப்போதும் வீட்டிலேயே விட்டுப்போகிற பெட்டியை இந்தமுறை பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

"அவங்க போனதுகூட எனக்கு ஒண்ணும் தெரியலக்கா," என்றாள் சௌந்தர்யா. "பொட்டி போனதுதான், வூடே வெறிச்சுனு கெடக்குது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. உரித்த பூண்டைத் தோலோடு சேர்த்துக் குப்பையில் போட்டாள்.

இதில் ஒரு சங்கடம். என் கதைகளை ஒன்றுவிடாமல் படிக்கிற ஒரே சொந்தக்காரன் ஜீவானந்தம். எங்கோ ஒரு காட்டில் வண்டி ஓரமாகப் படுத்துக்கொண்டு போனில் படித்துவிட்டு 'சூப்பருங்க' என்று அனுப்புவான்.

"பேரெல்லாம் மாத்திப்போடறேன், பயப்படாத," என்றேன்.

அவள் அடுத்த பூண்டை எடுத்து உரித்தாள்.

"மாத்தாதீங்கக்கா," என்றாள். "ஜீவானந்தம்னே போடுங்க."

போட்டுவிட்டேன். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அவனும் படித்துக்கொண்டிருக்கிறான். படித்துவிட்டு அவன் என்ன செய்வான் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கை வரவில்லை; அந்த வீட்டில் இருக்கப்போவது நானில்லை, அவள்.